திருவொற்றியூர் வண்டி

என்னிடம் இருந்தது திருவொற்றியூரில் செய்த இரும்பு எஞ்சின் புல்லட். 346 சிசி, நான்கு கியர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக், செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. அதை விட்டுவிட்டு ஊர் மாறி வந்து வருடங்கள் பல ஓடிவிட்டன. அந்த வண்டியில் போன ஊர்களுக்கு இப்போது ரயிலில் போகிறேன், காரில் போகிறேன். ஊர்கள் அங்கேயேதான் இருக்கின்றன. ஓர் ஊருக்குக் கிளம்பும் முன் அதற்கு வேண்டியதை என் கையாலேயே செய்து முடித்த நாட்கள்தான் இல்லாமல் போய்விட்டன. கொல்லிமலை என்றால் பிரேக் ஷூ. ராமேஸ்வரம் என்றால் செயின். லடாக் என்றால் கார்புரேட்டர். எந்த ஊரும் முதலில் வண்டியின் ஏதாவது ஓர் உறுப்பாகத்தான் எனக்குள் வந்து சேரும். அதைக் கழற்றித் துடைத்து மாட்டும்போதே பாதிப் பயணம் நடந்து முடிந்திருக்கும். அந்தப் பாதிப் பயணத்தைத்தான் இன்றும் மனம் தேடுகிறது.

புல்லட் என்ற பெயர் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்தில் பிறந்தது. 1932-இல் அந்தப் பெயரில் முதல் வண்டி வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பின்சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர் வைத்து வடிவமைத்த 350 சிசி வண்டியை, எல்லைக் காவலுக்காக நம் ராணுவம் தேர்ந்தெடுத்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும், ரெட்டிட்ச்சில் அந்த வண்டியைத் தயாரித்த நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கி, வடசென்னையில் திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைத்தன. முதலில் உதிரி பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. சில வருடங்களில் முழு வண்டியும் இங்கேயே உருவாகத் தொடங்கியது. ரெட்டிட்ச் ஆலையை 1967-இல் மூடிவிட்டார்கள். அங்கே நின்றுபோன வண்டி, எண்ணூர் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் உப்புக்காற்று வீசும் ஒரு தொழிற்சாலையில் அதே உடம்போடு இன்னும் நாற்பது வருடங்களுக்கு மேல் பிறந்துகொண்டிருந்தது. 1994-இல் கம்பெனி ஐஷர் குழுமத்தின் கைக்குப் போன பிறகும் எஞ்சினின் அடிப்படை மாறவில்லை. டாங்கின் மேல் ஓடும் பொன்னிறக் கோடுகளைக் கூடத் தொழிலாளிகள் தூரிகை பிடித்துக் கையால் இழுத்தார்கள். கோட்டை உற்றுப் பார்த்தால் வளைவில் கை திரும்பிய இடம் தெரியும். வண்டியைக் கழுவும்போதெல்லாம் என் விரல் அந்த இடத்தில் நின்றுதான் போகும்.

அந்த எஞ்சினின் குணம் இரண்டு எண்களில் இருக்கிறது. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். விட்டத்தைவிட ஏறி இறங்கும் தூரம் அதிகம் என்பதால் பிஸ்டன் அவசரப்படாது. கனமான ஃப்ளைவீல் அதன் ஓட்டத்தைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். 18 குதிரைத் திறன்தான் என்றாலும், பின்னால் ஆளும் இரண்டு பக்கம் பையும் இருந்தாலும், நான்காவது கியரிலேயே மேடு ஏறிவிடும். மணிக்கு அறுபது, அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுக்க ஓடும். அதற்கு மேல் முறுக்கினால் கைப்பிடியும் காலடியும் நடுங்க ஆரம்பிக்கும். எனக்கு இது போதும் என்று வண்டியே சொல்லிவிடும். அந்த வேகத்தில் போகும்போது வயலில் நாற்று நடுகிறார்களா, களை எடுக்கிறார்களா என்று தெரியும். எந்த ஊரில் எந்தக் கோயிலுக்குக் கொடி ஏறியிருக்கிறது என்று தெரியும். டீக்கடையில் வடை போடுகிற வாசனை, கடையைத் தாண்டும் முன்பே வந்து வண்டியை நிறுத்தச் சொல்லும்.

ஸ்டார்ட் செய்வதற்கே ஒரு முறை இருந்தது. ஹெட்லைட்டின் தலையில், ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில், சின்னதாக ஓர் ஆம்மீட்டர். சாவியைப் போட்டுவிட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால் அதன் முள் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி நடுவுக்கு வரும். நடுவுக்கு வந்தால், பொறியைப் பிறப்பிக்கும் பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பொருள். இடது கைப்பிடியில் இருக்கும் டீகம்ப்ரஸர் லிவரைப் பிடித்து, அடைபட்ட காற்றைக் கொஞ்சம் வெளியே விட்டு, பிஸ்டனை உச்சியிலிருந்து மயிரிழை தாண்டவிட்டு, லிவரை விட்டு, கிக்கரை முழுக்க மேலே வரவிட்டு, உடம்பின் கனத்தை இறக்கி ஒரே மிதி. சரியாகச் செய்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட ஸ்டார்ட் செய்யலாம். அவசரப்பட்டு மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கியவர்கள் நிறையப் பேர். காலையில் எவ்வளவு அவசரம் இருந்தாலும் வண்டி முன்னால் வந்ததும் மூச்சை இழுத்துவிட்டு, முள்ளைப் பார்த்து, நிதானத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். அந்த அரை நிமிடம் எனக்கு அன்றாட வழக்கமாக இருந்தது. இப்போது எந்தக் காரியத்துக்கும் அப்படி ஒரு வாசல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகள் வண்டிக்கானவை. வெயில் ஏறும் முன் வேப்பமரத்து நிழலில் ஸ்டாண்டு போட்டு, சாக்கை விரித்து, அதன்மேல் ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கி வைப்பேன். ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய், பக்கத்தில் பனியன் வேஸ்ட், ஒரு பழைய பல்துலக்கி. எஞ்சின் ஆறியிருக்கும்போதே டாப்பெட் மூடியைக் கழற்ற வேண்டும். உள்ளே வால்வுகளை இயக்கும் இரண்டு புஷ்ராடுகள் தெரியும். இரண்டு விரலால் பிடித்துச் சுற்றினால் அவை தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அந்த இடைவெளிக்கு எந்த அளவுகோலும் கிடையாது. விரல் நுனிதான் அளவுகோல்.

அடுத்தது பாயிண்ட் செட். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் இரண்டு சிறு உலோகப் பொட்டுகள் ஒன்றையொன்று தொட்டு விலகும் இடம் தெரியும். அவை முழுக்கத் திறந்து நிற்கும்போது நடுவில் 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் ஒரு விசிட்டிங் கார்டு போதும். பொட்டுகள் கறுத்திருந்தால் உப்புத்தாளை மடித்து நடுவில் விட்டு இரண்டு இழு. பிறகு டைமிங். பாயிண்ட்டுக்கு நடுவில் மெல்லிய தாளைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் எஞ்சினைச் சுற்றினால், பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் தாள் கையோடு வந்துவிட வேண்டும். தாள் விடுபடுகிற அந்தக் கணத்தில்தான் பிளக்கில் பொறி பிறக்கிறது. வெளியே கேட்கிற அவ்வளவு பெரிய சத்தமும் அந்த மயிரிழை விலகலிலிருந்து தொடங்குகிறது என்பதை நினைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பாகவே இருந்தது.

எண்ணெயில் மட்டும் மூன்று பாடம். எஞ்சினுக்கு ஒன்று, கிளட்ச் பக்கத்து பிரைமரி செயினுக்கு ஒன்று, தனிப் பெட்டியாக இருக்கும் கியருக்கு ஒன்று. எஞ்சின் ஆயிலை வண்டி நின்றபடியே அளந்தால் கணக்குத் தப்பும். நாள்பட நிற்கும்போது ஆயில் தன் அறையிலிருந்து மெல்லக் கசிந்து கிராங்க் அடியில் போய்த் தேங்கியிருக்கும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பம்பு அதைத் திரும்ப ஏற்றிய பிறகுதான் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். பிறகு பிளக். காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் எஞ்சின் நலமாக இருக்கிறது. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம், சூடும் அதிகம். கடைசியாக ஸ்போக்ஸ். சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றி வந்தால், இறுகியிருப்பவை கணீர் என்று பேசும். தளர்ந்த கம்பி மட்டும் மொத்தென்று ஒலிக்கும். இப்படி விரல், கண், காது எல்லாவற்றுக்கும் வேலை இருந்தது. பத்து மணிக்குக் கையைச் சீயக்காய் போட்டுக் கழுவும்போது மனத்தில் ஒரு சந்தேகமும் மிச்சம் இருக்காது. இந்த வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்கு முழுக்கத் தெரியும் என்ற அந்த நிம்மதியை வேறு எந்த உடைமையும் எனக்குத் தந்ததில்லை.

இவ்வளவும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் பட்டறை வைத்திருந்த பாய். சாமான் வாங்க வேண்டியது அங்கிருந்து நடக்கிற தூரத்தில், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில். அங்கே கிடைக்காத பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டை. கடைக்காரர் நீட்டுவதை அப்படியே வாங்கி வந்தால் பாய் திருப்பி அனுப்பிவிடுவார். கிளட்ச் பிளேட்டை நகத்தால் கீறிப் பார்ப்பார், பேரிங்கைக் காதோரம் வைத்துச் சுற்றுவார். அவரிடம் வண்டியை விடுபவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். விட்டுவிட்டுச் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் முகம் வாடிவிடும்.

ஒரு நாள் டாப்பெட் செட் செய்து முடித்து ஓடவிட்டபோது மெல்லிய டக்கு டக்குச் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா என்று கேட்டேன். பாய் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சத்தம் கேட்டா கேக்கட்டும் தம்பி. சத்தம் அடங்கணும்னு டைட் வச்சா வால்வு ஒழுங்கா உக்காராது. உக்காரலைன்னா எரிஞ்சி பூடும். நீ திருச்சி போவணுமா, சத்தம் இல்லாம போவணுமா?”

“திருச்சி போவணும் பாய்.”

“அப்ப வுடு. அது பேசிக்கினே போவட்டும்.”

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் எனக்குத் துணையாகிவிட்டது. நெடுஞ்சாலையில் அது ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும் வரை எல்லாம் சரியாக இருக்கிறது. அதில் ஓர் இழை மாறினாலும் காது எழுந்து உட்கார்ந்துவிடும்.

நெடும்பயணம் என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே வீட்டில் தெரிந்துவிடும். கூடத்தில் செய்தித்தாள் விரித்துச் சாமான் பரப்பியிருப்பேன். பிளக், பாயிண்ட் செட், கண்டென்சர், செயின் லாக், இரண்டு டியூப், பல்பு, ஃப்யூஸ், கட்டுக்கம்பி, எம்-சீல், ஒரு துண்டு துணி சோப்பு. டாங்கில் கல் பட்டு ஊசித்துளை விழுந்து பெட்ரோல் கசிந்தால், சோப்பை அழுத்தித் தேய்த்தால் அடுத்த ஊர் வரை தாங்கும். புதுக் கிளட்ச் கேபிளைப் பையில் வைத்துக்கொண்டு போவதில்லை. பழைய கேபிளை ஒட்டியே இழுத்து, இன்சுலேஷன் டேப் சுற்றிக் கட்டிவிட வேண்டும். நடுவழியில் பழையது அறுந்தால் இரண்டு முனையை மட்டும் மாற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். டாங்கைத் தூக்க வேண்டியதில்லை. பைகளைத் தாங்கும் கேரியரும் கடையில் வாங்கியது இல்லை. வெல்டிங் பட்டறையில் என் பையை நீட்டி அளவெடுத்து அடித்தது. அதற்குப் பெயின்ட் காய்வதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும்.

பழைய நாற்பத்தைந்தாம் எண் நெடுஞ்சாலையில் திருச்சி நோக்கிப் போன காலைகள் கண்ணில் நிற்கின்றன. நான்கு வழிச்சாலை வருவதற்கு முன் அந்தச் சாலையின் இரு பக்கமும் பெரிய பெரிய புளியமரங்கள். கிளைகள் மேலே கோத்துக்கொள்ளும். வெயிலிலிருந்து மரநிழலுக்குள் நுழைந்ததும் குளிர் முகத்தில் அறையும். காற்று குளிர்ந்ததும் எஞ்சினின் இழுப்பு கொஞ்சம் கூடும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதில் பிராணவாயு அதிகம் என்பதைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே அந்த மரங்கள் எனக்குக் காட்டிவிட்டன. சாலையை அகலப்படுத்தியபோது அவற்றை வெட்டிவிட்டார்கள். இப்போது அந்த வழியில் போகும்போது நேரம் மிச்சமாகிறது. எனக்கு அந்த மரங்கள் வேண்டும்.

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது எஞ்சினின் வேலை. இறங்குவதுதான் ஓட்டுபவனின் வேலை. முன்னும் பின்னும் டிரம் பிரேக். மலை இறக்கத்தில் அதையே பிடித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறி, ஷூ வழுக்கி, ஐம்பதாவது வளைவில் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது லாரி ஓட்டுநர்களின் பழைய விதி. இரண்டாவது கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால், அந்த நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும். கிளம்பும் முன் ஷூக்களைக் கழற்றி, பளபளத்துப் போன மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, டிரம்மில் படிந்த தூளைத் துடைத்து மாட்டியிருப்பேன். வளைவுகளில் அந்த உழைப்பு கைக்கும் காலுக்கும் தெரியும். ராமேஸ்வரம் வேறு மாதிரி. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறப்பதற்கு முன், தார் ரோடு முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் மணல். மணலும் உப்புக்காற்றும் செயினுக்குள் புகுந்து அரைக்கும். திரும்பி வந்ததும் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டால் கிண்ணத்தின் அடியில் தனுஷ்கோடி மணல் படியும்.

வழியில் நின்ற அனுபவங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு சித்திரை மாத மதியம், உளுந்தூர்ப்பேட்டை தாண்டியதும் வண்டி திணறியது. ஆறினால் ஸ்டார்ட் ஆகும், சூடேறினால் நிற்கும். மூடியைத் திறந்து பார்த்தால் பாயிண்ட்டில் நீலப்பொறி பறந்தது. கண்டென்சர் போய்விட்டது என்பதற்கு அது அடையாளம். கையில் இருந்த புதியதும் வேலை செய்யவில்லை. நிறுத்தி நிறுத்தி ஓட்டி, தொழுதூர் வந்து சேர்ந்தேன். காவல் நிலையம் இருக்கும் ஊரில் புல்லட் மெக்கானிக் ஒருவர் இருப்பார் என்பது எங்கள் நம்பிக்கை. சப்-இன்ஸ்பெக்டர்களின் வண்டியை யாராவது பார்க்க வேண்டுமே. அன்றும் இருந்தார். கேட்டதும் ஓர் அம்பாசடர் காரின் கண்டென்சரை எடுத்தார். அது உள்ளே அடங்காது என்பதால் வெளியே பாடியில் ஒரு போல்ட்டில் பூட்டி, ஒயர் இழுத்துக் கொடுத்தார். வண்டி முதல் மிதியில் பிடித்தது.

கூலி வாங்கிக்கொண்ட பிறகு அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. “திரும்பி வரும்போது இப்படியே வாங்க சார். பாயிண்ட் எப்படி இருக்குன்னு ஒருதரம் பாத்துக்கணும்.” கண்டென்சரின் அளவு பொருந்தாவிட்டால் பாயிண்ட்டின் ஒரு பொட்டிலிருந்து உலோகம் பெயர்ந்து மற்றதில் மேடாகப் படியும், எந்தப் பக்கம் பள்ளம், எந்தப் பக்கம் மேடு என்பதை வைத்து அளவு கூடுதலா குறைவா என்று சொல்லிவிடலாம். மதுரை வரை போய்விட்டுத் திரும்பும்போது நின்றேன். மூடியைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இரண்டு பொட்டும் சமமாக, வெண்சாம்பல் நிறத்தில் இருந்தன. “சரியாத்தான் இருக்கு” என்று சொல்லி மூடினார். காசு வாங்கவில்லை, அவருக்கு வேண்டியது அந்தப் பதில்தான். தான் செய்த வேலை நானூறு கிலோமீட்டருக்கு அப்புறம் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள விரும்பிய அந்த மனிதரை மறக்க முடியவில்லை. அந்த வண்டி இல்லையென்றால் அவரைச் சந்தித்திருக்கவே மாட்டேன்.

லடாக் போனது ரோதாங் கணவாயைச் சேற்றோடு கடக்க வேண்டியிருந்த காலத்தில். 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை 2020-இல்தான் திறந்தது. மணாலிக்கு அப்பால், தாண்டி என்ற ஊரில் ஒரு பெட்ரோல் பங்க். அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அங்கே ஒரு பலகை. என் டாங்கில் பதினான்கரை லிட்டர் பிடிக்கும். சமவெளியில் லிட்டருக்கு முப்பது கிடைத்தாலும், சுமையோடு மலை ஏறும்போது இருபத்தைந்து கிடைத்தாலே பெரிது. கணக்குப் போட்டுப் பார்த்தால் லே வாசலில் டாங்க் காலி. ஆகவே கேரியரின் இரு பக்கமும் கேன். உயரம் ஏற ஏற எஞ்சினுக்கு மூச்சு முட்டும். 5,328 மீட்டர் உயரத் தங்லாங் லாவில், காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேல். காற்று குறைகிறது, பெட்ரோல் மட்டும் பழைய அளவில் வருகிறது. கரும்புகை கக்கிக்கொண்டு வண்டி திணறும். கார்புரேட்டரின் மூடியைத் திறந்து, ஊசியில் மாட்டியிருக்கும் கிளிப்பை ஒரு வெட்டு மேலே ஏற்றினால், ஊசி கீழே இறங்கிப் பெட்ரோலைக் குறைக்கும். குளிரில் விறைத்த விரல்களோடு அந்தச் சின்னக் கிளிப்பைக் கீழே விழாமல் மாற்றிவிட்டு மிதித்தபோது, புகை தெளிந்து, எஞ்சின் தன் பழைய குரலுக்கு வந்தது. கடலோரத்தில் பிறந்த வண்டி, அந்த மலைக்காற்றில் மூச்சிழுக்கப் பழகிக்கொண்டது. கணவாயின் உச்சியில் நின்று எடுத்த படங்கள் எங்கோ தொலைந்துவிட்டன. அந்தக் கிளிப் வெட்டில் உட்கார்ந்த ‘டிக்’ மட்டும் விரலில் இருக்கிறது.

பிறகு காலம் மாறியது. 2008-ஐ ஒட்டிப் புதிய எஞ்சின் வந்தது. எஞ்சினும் கியரும் ஒரே கூட்டுக்குள். டாப்பெட் தானே தன் இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும் ஹைட்ராலிக் வகை. பாயிண்ட் போய் மின்னணு இக்னிஷன். கியர் இடது காலுக்கு மாறியது. 2010 வாக்கில் இரும்பு எஞ்சினின் உற்பத்தி நின்றது. 2013-இல் ஒரகடத்தில் பெரிய ஆலை, 2017-இல் வல்லம் வடகாலில் இன்னொன்று. 2019-இல் ஏபிஎஸ் கட்டாயமானது. 2020-இல் பிஎஸ்-6 மாசு விதியோடு கார்புரேட்டரும் விடைபெற்றது. இவை எல்லாம் நல்லவை. ஏபிஎஸ் எத்தனையோ பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கும். கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிற வண்டியால், முன்பு இந்த வண்டியின் பக்கமே வராத எத்தனையோ பெண்கள் இன்று லடாக் வரை தனியாகப் போய் வருகிறார்கள். அவர்களைச் சாலையில் பார்க்கும்போது மனம் நிறைகிறது. புதிய வண்டி பழையதைவிடக் குறைந்தது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு செய்தியை மட்டும் சொல்லியாக வேண்டும். புதிய வண்டியின் நோயைக் கண்டுபிடிப்பது ஒரு ஸ்கேனர். அது கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கிறது. வண்டியை விடுகிறோம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காப்பி குடிக்கிறோம், பில்லை வாங்கிக்கொண்டு கிளம்புகிறோம். தொழுதூர் மெக்கானிக்கின் வேலை அங்கே இல்லை. பாயின் பட்டறை இருந்த சந்தில் இப்போது வேறு கடை. அவருடைய பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். அவரும் அதைத்தான் விரும்பினார். பேரிங்கைக் காதோரம் சுற்றிப் பார்க்கும் அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. நெடுஞ்சாலை நெடுகிலும், ஊருக்கு ஒருவராக, இப்படிக் கைகள் இருந்தன. நான் ஏங்குவது அந்தக் கைகளின் வரிசைக்காகவும்தான். அவர்களில் ஒருவனாக, கடைசி இடத்திலாவது, நானும் நின்றேன் என்பது எனக்குப் பெருமை.

வண்டியைப் பிரிந்த கதை சுருக்கமானது. வேலை வேறு ஊருக்குக் கொண்டுபோனது. அங்கே கிடைத்தது எட்டாவது மாடி வீடு. நிலத்தடியில் கார் நிறுத்த ஓர் இடம். அங்கே எண்ணெய் சொட்டக் கூடாது, எதையும் கழற்றிப் பூட்டக் கூடாது. இந்த வண்டி எண்ணெய் சொட்டும். வாரம் ஒரு முறையாவது பிரிக்க வேண்டும். பராமரிக்க முடியாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, நாளுக்கு நாள் துருவேறுவதைப் பார்க்க மனம் வரவில்லை. திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வீட்டுப் பையன் வந்தான். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். விலை பேசும் முன்பே டாப்பெட் மூடியைக் கழற்றிப் பார்க்கலாமா அண்ணா என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பிறகு வேறு யாருக்கும் கொடுக்கத் தோன்றவில்லை. ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்து, பாய் எனக்குக் காட்டியதை எல்லாம் அவனுக்குக் காட்டினேன். புஷ்ராடைச் சுற்றிப் பார்க்கச் சொன்னபோது அவன் விரல் நின்ற விதத்திலேயே தெரிந்தது, வண்டி நல்ல கையில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று.

விட்டு வந்தது சரியான முடிவுதான். ஆனாலும் ஞாயிறு காலை விடிந்ததும் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. தெருவில் ஒரு பழைய புல்லட் போனால் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறேன். எக்ஸாஸ்ட் வால்வு டைட்டாக இருக்கிறது, செயின் தளர்ந்திருக்கிறது என்று தெரிகிறது. ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

இரும்பு எஞ்சின் வண்டியைத் தாத்தா நினைவாக, அப்பா நினைவாக வாசலில் நிறுத்தி வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. துணி போட்டு மூடி வைக்காதீர்கள். நிற்கிற வண்டிதான் கெடும். ஆயில் கீழே இறங்கிவிடும், பாயிண்ட்டில் களிம்பு படியும், கார்புரேட்டர் ஜெட்டில் பெட்ரோல் பிசினாக உறையும், டயர் வெடித்துப் பிளக்கும். வாரம் ஒருமுறை முள்ளைப் பார்த்து மிதித்து, பக்கத்து ஊர் டீக்கடை வரையாவது போய் வாருங்கள். வீட்டில் இருக்கும் பிள்ளையையோ பெண்ணையோ பக்கத்தில் உட்காரவைத்து, டாப்பெட் மூடியைத் திறந்து, புஷ்ராடை அவர்கள் விரலால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கே தெரியாது என்றால், தெரிந்த மெக்கானிக் இருக்கும்போதே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அப்படி ஒருவரும் கிடைக்கவில்லையா, என்னைக் கூப்பிடுங்கள். ஃபீலர் கேஜும் உப்புத்தாளும் என்னிடம் தயாராகவே இருக்கின்றன. எந்த ஊராக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வந்து நிற்பேன்.